பத்தடி லாரி: இடப்பக்க ஆக்சில் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. வீட்டிலேயே மாற்றியவர்கள் உண்டா?

செம்பவாங்_தோட்டக்காரன் | வெள்ளி, இரவு 10:52

வணக்கம். சிங்கப்பூரில் செடி, மண், புல்தரை வேலை செய்து பிழைக்கிறவன். என் லாரி 17 வயதான ஜப்பான் பத்தடி, பின்னால் இரட்டைச் சக்கரம். பிராண்டைச் சொல்லமாட்டேன். சொன்னால் எந்த பிராண்ட் நல்லது என்று சண்டை தொடங்கி இழை நாலு பக்கம் ஓடும், என் லாரி அப்படியே நிற்கும்.

இன்று சுங்கை தெங்கா பக்கம் ஒரு நர்சரியில் மண் மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இடது பின்சக்கரம் சேற்றில் இறங்கியது. முதல் கியர் போட்டு, கிளச்சைச் சட்டென்று விட்டு மூன்று தடவை உலுக்கினேன். மூன்றாவது தடவை "டொக்" என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, லாரி மட்டும் நகரவில்லை. கிளச் தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். இழுவை வண்டி அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். கியரில் போட்டால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற நீளத்தண்டு) ஜம்மென்று சுற்றுகிறது. "கிளச் நல்லாத்தான் இருக்கு, ஆக்சில் போச்சு" என்றார்.

லாரி இப்போது செம்பவாங்கில் மாமனாரின் தரைவீட்டு வாசலில் நிற்கிறது. பட்டறையில் விலை கேட்டேன். நாலு இலக்கத்தில் சொன்னார்கள், அதுவும் அடுத்த வாரம்தான் கை வைப்பார்களாம். பத்து வயதைத் தாண்டிய லாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷன். எனக்கு அது மூன்று வாரத்தில் வருகிறது. பிரேக் லைனிங், வாட்டர் பம்ப் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். இதை வாசலில் வைத்தே செய்ய முடியுமா?

ஜோகூர்_வாரக்கடைசி | வெள்ளி, இரவு 11:15

அண்ணே, எதற்கு இந்தத் தலைவலி? எல்லை தாண்டி மலேசியா ஜோகூரில் பாதி விலைக்கு முடித்துவிடலாம். சனிக்கிழமை விட்டால் ஞாயிறு சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம்.

பத்தடி_அக்கா | வெள்ளி, இரவு 11:21

ஓடாத லாரி காஸ்வேயை எப்படித் தாண்டும் தம்பி? நீங்கள் பின்னாலிருந்து தள்ளுவீர்களா?

புதுசு_லைசென்ஸ் | வெள்ளி, இரவு 11:40

தெரியாமல் கேட்கிறேன், முறிந்த இடத்தில் வெல்டிங் வைத்தால் போதாதா? இரும்புதானே. எங்கள் புளோக்குக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில்கூட ஒருவர் எல்லா வேலையும் செய்கிறார்.

பழைய_பட்டறை | சனி, காலை 6:10

வெல்டிங் வேண்டாம். ஆக்சில் ஷாஃப்ட் சாதாரண இரும்புக் கம்பி இல்லை. மேல் தோலை மட்டும் சூடேற்றிக் குளிர வைத்துக் கடினமாக்கியிருப்பார்கள், உள்ளே சதை கொஞ்சம் இளகிய எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தக் கடினம் போய்விடும். இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் விரைவுச்சாலையில் நிறுத்திவிடும். அப்புறம், வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளின் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்கக் கூடாது. அந்த ஆளைப் பார்த்து யாரும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

தோட்டக்காரத் தம்பிக்கு. நான் 38 வருடம் லாரி வேலை பார்த்தவன், இப்போது பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது மட்டும்தான் வேலை. இந்த அளவு ஜப்பான் லாரி பெரும்பாலும் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில். சக்கரத்துக்கு நடுவில் ஒரு வட்டத் தட்டும் அதைச் சுற்றி நட்டுகளும் தெரிகிறதா? அதுதான் ஷாஃப்ட்டின் தலை. இதில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றிவிடும், அவ்வளவுதான். லாரியின் பாரம் முழுவதையும் ஹப்பும் (சக்கரம் மாட்டுகிற நடுக்கூடு) அதற்குள் இருக்கிற இரண்டு பேரிங்கும் ஆக்சில் குழாயின் மேல் தாங்குகின்றன. அதனால்தான் ஷாஃப்ட் முறிந்தும் உங்கள் சக்கரம் கழன்று ஓடவில்லை. பிக்கப், சின்ன வேன்களில் இருக்கிற செமி ஃப்ளோட்டிங் வேறு மாதிரி. அங்கே ஷாஃப்ட்டேதான் பாரத்தையும் தாங்குகிறது, பேரிங்கை ஹைட்ராலிக் பிரஸ் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அதை வீட்டில் செய்யச் சொல்லமாட்டேன்.

உங்களுடையதில் தட்டின் நட்டுகளைக் கழற்றி, பித்தளைச் சுத்தியலால் தலையை நாலு தட்டுத் தட்டினால் ஷாஃப்ட் கையோடு வரும். சிலவற்றில் நட்டுக்கு அடியில் கூம்பு வாஷர் இருக்கும், தட்டினால் அது துள்ளிக்கொண்டு வெளியே வரும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் தலையில் மரை போட்ட இரண்டு துளை இருக்கும், அதில் போல்ட்டை முறுக்கினால் ஷாஃப்ட் தானே தள்ளிக்கொண்டு வரும். ஜாக்கிகூடத் தேவையில்லை.

ஆனால் ஒன்று. இதை முதலில் படித்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள். இசுசு என் வரிசை, ஃபூசோ கேன்டர் மாதிரி லாரிகளில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸின் பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஒரு தனி டிரம் இருக்கும், அதைத்தான் பிடிக்கிறது. ஒரு பக்க ஷாஃப்ட் முறிந்தாலோ கழற்றினாலோ டிஃப் (இரண்டு ஷாஃப்ட்டுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற நடுப் பல்சக்கரத் தொகுதி) தன் போக்கில் சுற்றும், ஹேண்ட்பிரேக் எதையும் பிடிக்காது. கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். உங்களுக்கு இப்போது பார்க்கிங் பிரேக்கே கிடையாது. முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கனமான மரக்கட்டை வையுங்கள்.

செம்பவாங்_தோட்டக்காரன் | சனி, மதியம் 1:30

ஐயா, நீங்கள் எழுதியதை ஒன்பது மணிக்குத்தான் பார்த்தேன். எட்டரைக்கே நடந்துவிட்டது.

வாசல் தரை சாலைப் பக்கம் லேசாகச் சரியும், மழைத்தண்ணீர் வடிவதற்காக. லாரி முகம் வீட்டைப் பார்த்து, வால் கேட் பக்கம். இழுவை வண்டி அண்ணன் போகும்போது தன் கட்டையை எடுத்துக்கொண்டார். நான் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கைப் பல் எண்ணி இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் சக்கர நட்டைத் தளர்த்த ஸ்பேனரில் ஒரு மீட்டர் குழாயை மாட்டி ஏறி நின்று குதித்தேன். லாரி ஆடியது. செங்கல் பொடியானது. லாரி சத்தமே இல்லாமல் பின்னால் போக ஆரம்பித்தது. கத்தினேன், பிடிக்கப் போனேன். பிடித்து என்ன செய்திருப்பேனோ தெரியாது. கேட் தூணை ஒட்டி மாமா வைத்திருந்த செம்பருத்தித் தொட்டி, பழைய சிமெண்டுத் தொட்டி, அதில் டயர் மோதி நின்றது. தொட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. அடியில் யாரும் இல்லை, ஜாக்கியும் ஏற்றியிருக்கவில்லை. மாமா வந்து தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்" என்றார்.

இப்போது நாலு பக்கமும் ரயில் கட்டை மாதிரி மரம் வைத்திருக்கிறேன்.

அடுத்த கோளாறு. குழாயில் குதித்ததில் நட்டு கழலவில்லை, ஒரு ஸ்டட் (நட்டு ஏறுகிற மரைக் கம்பி) கட்டாகிவிட்டது. துருவா?

பழைய_பட்டறை | சனி, மதியம் 1:52

துரு இல்லை. ஸ்டட் நுனியைத் துடைத்துப் பாருங்கள். ஆங்கில 'எல்' எழுத்து இருந்தால் அது இடது மரை. பழைய ஜப்பான் லாரிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழ். கழற்ற வலப்பக்கம், அதாவது கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்ப வேண்டும். நீங்கள் குதித்துக் குதித்து இறுக்கியிருக்கிறீர்கள்.

சக்கரம் சுற்றுகிற சுற்றிலேயே நட்டு தளர்ந்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் அப்படி வைத்தார்கள். இப்போது வருகிற ஐஎஸ்ஓ முறைப் பெரிய லாரிகளில் இரண்டு பக்கமும் வலது மரைதான். பழகிய கை ஏமாறுகிற இடம் இது. நானும் பயிற்சியில் இருந்தபோது ஒன்றை முறித்து, பெரியவரிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

இரட்டைச் சக்கரத்தில் இன்னொன்றும் பாருங்கள். பெரிய ஜப்பான் லாரிகளில் வெளிச்சக்கரத்துக்கு 41 மி.மீ. அறுகோண நட்டு, அதற்குள் உள்சக்கரத்தைப் பிடிக்கிற தொப்பி நட்டு 21 மி.மீ. சதுரம். உள் நட்டை இறுக்க வேண்டுமென்றால் முதலில் வெளி நட்டைத் தளர்த்த வேண்டும். வெளி நட்டை மட்டும் இறுக்கிக்கொண்டே இருந்தால் உள்சக்கரம் தளர்ந்திருப்பது தெரியவே தெரியாது. உங்களுடையது சிறிய லாரி, அளவு வேறாக இருக்கலாம், முறை இதேதான்.

ஸ்டட் போனதால் ஹப்பை எப்படியும் வெளியே எடுக்க வேண்டும். சரி, நல்லதுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் அரை மணி வேலை. ஹப்தான் வேலை.

செம்பவாங்_தோட்டக்காரன் | சனி, மாலை 5:05

'எல்' இருக்கிறது ஐயா. துடைத்துப் பார்த்தவுடன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஷாஃப்ட்டின் வெளித்துண்டு வந்துவிட்டது. பல் இருக்கிற நுனி மட்டும் டிஃபுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு சாண் நீளம் இருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துடைப்பக் கட்டையில் கட்டி உள்ளே விட்டேன். காந்தம் துண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. முறிந்த முகத்தின் படம் இணைத்திருக்கிறேன்.

துவாஸ்_ஃபிட்டர் | சனி, இரவு 7:48

ஷிப்ட் முடிந்து இப்போதுதான் பார்த்தேன். படம் அருமை. எல்லோரும் பெரிதாக்கிப் பாருங்கள்.

முகத்தின் ஒரு பக்கம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கறுத்து வழவழப்பாக இருக்கிறது. அதில் சிப்பி ஓட்டின் மேல் இருப்பதுபோல வளைவு வளைவாக வரி. அது நேற்று முறிந்தது இல்லை. பல்லின் அடியில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்து, ஒவ்வொரு பாரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்திருக்கிறது. அதற்குள் எண்ணெய் புகுந்துதான் கறுத்தது. மீதி இரண்டு பங்கு சாம்பல் நிறத்தில் கரகரப்பாக மின்னுகிறது, அதுதான் நேற்றைய "டொக்". பழைய வெடிப்பே இல்லாமல் முறுக்கிலேயே போயிருந்தால் சாக்கட்டியை முறுக்கி ஒடித்ததுபோலச் சாய்வாகச் சுருள் முகம் வந்திருக்கலாம்.

சேற்றில் சும்மா சுற்றுகிற சக்கரம் ஷாஃப்ட்டை ஒடிக்காது, அதற்கு எதிர்ப்பு ஏது? வேகமாகச் சுற்றிய சக்கரம் திடீரென்று ஒரு கல்லையோ கெட்டித் தரையையோ பிடிக்கும் பாருங்கள், அந்த நொடியில்தான் எல்லா அடியும் ஷாஃப்ட்டில் விழுகிறது. கிளச்சை உதறி விடுவதை நிறுத்துங்கள் அண்ணே. பலகையைப் போட்டு ஏற்றுங்கள். கதவில் எழுதியிருக்கிற உச்ச எடையையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஈர மண் மூட்டை காய்ந்த மண் மூட்டை இல்லை.

வலப்பக்க ஷாஃப்ட்டையும் வெளியே எடுங்கள். பல்லின் நீளத்துக்கு ஒரு ஸ்கேலை ஒட்டிப் பிடியுங்கள். பல் நேராக இல்லாமல் கயிறு முறுக்கினதுபோலச் சாய்ந்திருந்தால் அதுவும் தன் ஆயுளை முடித்துவிட்டது.

துண்டை எடுக்க: சைக்கிள் பிரேக் கம்பியை மடித்துச் சுருக்குப் போடுங்கள், ஒரு மெல்லிய குழாய் வழியாக உள்ளே அனுப்பி, துண்டின் கழுத்தில் மாட்டி இழுங்கள். காந்தமே வேண்டுமென்றால் அதன் பக்கவாட்டில் தடிமனாகத் துணி சுற்றி முகத்தை மட்டும் வெளியே விடுங்கள், குழாய்ச் சுவரில் ஒட்டாது.

பழைய_பட்டறை | சனி, இரவு 8:20

ஃபிட்டர் தம்பி சொன்னது சரி. துண்டு வந்துவிட்டது என்று அதோடு விடாதீர்கள். எண்ணெயை முழுக்க வடித்து, வடிகால் மூடியில் இருக்கிற காந்தத்தைப் பாருங்கள். பசை மாதிரி கறுப்புத் தூள் இருந்தால் வயதுக்கு அது சகஜம். நகக்கண் அளவு சில்லு இருந்தால் டிஃபை முன்பக்கமாக இறக்கிக் கழுவ வேண்டும், அது தனி ஆள் வேலை இல்லை. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, டப்பாவில் அடைத்து ஏதாவது பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

செம்பவாங்_தோட்டக்காரன் | ஞாயிறு, மாலை 6:40

நாள் முழுக்க இதே வேலை. மைத்துனன் உதவிக்கு இருந்தான்.

சைக்கிள் கம்பிச் சுருக்கு ஏழாவது முயற்சியில் மாட்டியது. சில்லு இல்லை, பசை மட்டும். வலப்பக்கப் பல் சாய்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற அளவு.

அப்புறம் ஹப். ஜாக்கியை நேரே வாசல் டைல்ஸில் வைத்தால் மாமா என்னையும் வடித்துவிடுவார், அதனால் இரண்டு தடிப் பலகை போட்டு, ஆக்சில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டு வைத்தேன். குழாய் நுனியில் இருக்கிற பெரிய நட்டுக்கு என்னிடம் சாக்கெட் இல்லை. உளி வைத்துத் தட்டலாமா என்று யோசித்தேன், ஐயாவின் முகம் (பார்த்ததே இல்லை) நினைவுக்கு வந்தது, காக்கி புக்கிட் போய் ஒரு சாக்கெட் வாங்கி வந்தேன். டிரம்மும் ஹப்பும் ஒன்றாகவே வந்தன. இரண்டு பேர் பிடித்தும் கனம்.

உள்ளே பார்த்தது: ஆயில் சீல் உதடு கிழிந்திருக்கிறது, பிரேக் லைனிங் கியர் எண்ணெயில் ஊறிக் கறுப்பாக இருக்கிறது. போன இன்ஸ்பெக்‌ஷனில் ரோலரில் இடது பின்பிரேக் கொஞ்சம் குறைவு என்றார்கள், தப்பித்து வந்தேன், காரணம் இதுதான் போல. வெளிப் பேரிங் நன்றாக இருக்கிறது. உள் பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்பு. அதன் கப் (உருளைகள் ஓடுகிற வெளி வளையம்) ஹப்புக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும் இல்லையா? என் விரலாலேயே சுற்றுகிறது. ஹப்பின் உள்சுவர் நீலம் பூத்திருக்கிறது.

கடையில் ஒருவர், ஹப்பின் உள்சுவரில் பஞ்ச் வைத்துச் சுற்றிலும் புள்ளி புள்ளியாகக் குத்தினால் கப் இறுகிவிடும் என்றார். செய்யலாமா?

பழைய_பட்டறை | ஞாயிறு, மாலை 7:02

1980களில் நானே செய்திருக்கிறேன். அப்போது ஹப் கிடைக்க ஆறு வாரம் ஆகும், முதலாளி தலைமேல் நிற்பார். அந்தப் புள்ளிகளின் நுனி மட்டும்தான் கப்பைத் தொடும். கொஞ்ச நாளில் நுனி அமுங்கி மறுபடி சுற்றும், சுற்றினால் சூடு, சூட்டில் கிரீஸ் உருகி ஓடும், அப்புறம் பேரிங் கடித்துப் பிடித்துக்கொள்ளும். நான் குத்தி அனுப்பிய லாரி ஒன்று நாலு மாதத்தில் புகையோடு திரும்பி வந்தது. நீலம் பூத்துவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஹப் போய்விட்டது. மாற்றுங்கள்.

பேரிங்கை மாற்றும்போது கோனும் (உருளைகளோடு இருக்கிற உள்வளையம்) கப்பும் ஜோடியாக. பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டால் பழைய தழும்பு புதுசைத் தின்றுவிடும்.

இன்னொன்று. சீல் ஏன் கிழிந்தது என்று யாரும் கேட்கவில்லையே. ஆக்சில் ஹவுசிங்கின் மேல் விரல் நுனி அளவுக்கு ஒரு மூச்சுக் குமிழ் இருக்கும். அதைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள்.

செம்பவாங்_தோட்டக்காரன் | ஞாயிறு, மாலை 7:25

ஊதினேன். காது அடைத்தது, காற்றுப் போகவில்லை. களிமண் உள்ளே செங்கலாக இறுகியிருக்கிறது.

பழைய_பட்டறை | ஞாயிறு, மாலை 7:31

அதுதான். ஓடும்போது ஹவுசிங் சூடாகும், உள்காற்று விரியும். மேலே வழி இல்லையென்றால் சீலைத் தள்ளிக்கொண்டு போகும், கூடவே எண்ணெயும். புது சீல் போட்டிருந்தாலும் அதே கதி. மண் ஏற்றுகிற லாரிக்கு ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் அதைக் கழுவுங்கள்.

பத்தடி_அக்கா | ஞாயிறு, இரவு 9:10

எல்லோரும் தம்பியைத் தட்டிக்கொடுக்கிறீர்கள், நான் கொஞ்சம் கணக்குப் பேசுகிறேன். வெள்ளியிலிருந்து லாரி நிற்கிறது. ஷாஃப்ட் இரண்டு, ஹப், பேரிங், சீல், லைனிங், எண்ணெய், சாக்கெட், ஒரு செம்பருத்தித் தொட்டி. உங்கள் நாள் கூலியையும் போடுங்கள். பட்டறை சொன்ன விலைக்குப் பக்கத்தில் வந்திருக்கும். நான் கேட்டரிங் சாப்பாடு ஏற்றுகிறவள், ஒரு நாள் லாரி நின்றாலே வாடகை லாரிக்கு அழ வேண்டும்.

அதற்காகப் பட்டறை என்றால் பத்திரம் என்றும் சொல்லமாட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) ஹப் பேரிங் மாற்றினேன். லாக் வாஷரின் காதை நட்டின் மேல் மடித்துவிட மறந்திருக்கிறார்கள். தீவு விரைவுச்சாலையில் 60இல் போய்க்கொண்டிருக்கிறேன், கண்ணாடியில் பார்த்தால் பின்னால் புகை. ஓரம் கட்டி இறங்கினால் கறி கருகுகிற வாசம். நட்டு தானாகக் கழன்று, ஹப் சாய்ந்து, டிரம் உரசிக்கொண்டிருந்தது. பின்னால் நாற்பது பேர் சாப்பாடு. அன்றிலிருந்து யார் செய்தாலும், மூடுவதற்கு முன் அந்த மடித்த காதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

செம்பவாங்_தோட்டக்காரன் | ஞாயிறு, இரவு 9:34

அக்கா, கணக்கைப் போட்டேன். நீங்கள் சொன்னதுக்கும் எனக்கும் இருநூற்றுச் சொச்சம் வெள்ளிதான் வித்தியாசம், தொட்டி சேர்க்காமல். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளை பழைய சாமான் கடையில் ஷாஃப்ட் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

துவாஸ்_ஃபிட்டர் | ஞாயிறு, இரவு 10:15

பழைய இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள், முறிந்த துண்டையும் சேர்த்து. இடமும் வலமும் பல லாரிகளில் நீளம் வேறு. ஒரு பல்லில் சாக்கட்டியால் கோடு போட்டு அங்கிருந்து எண்ணுங்கள், இல்லையென்றால் எத்தனை எண்ணினோம் என்று மூன்று தடவை குழம்புவீர்கள். தலைத்தட்டில் துளை எண்ணிக்கை, துளைக்குத் துளை தூரம். பழையது வாங்கினால் பல்லின் அடியையும் தலை வளைகிற இடத்தையும் மண்ணெண்ணெயில் நனைத்து, நன்றாகத் துடைத்து உலர்த்தி, சாக்கட்டித் தூள் பூசி, கால் மணி விடுங்கள். வெடிப்பு இருந்தால் தூளில் கறுப்புக் கோடு ஊறி வரும். கப்பல் பட்டறையில் இதற்கு விலை உயர்ந்த மருந்து இருக்கிறது, தத்துவம் ஒன்றுதான்.

புது கப்பை ஹப்பில் ஏற்ற பிரஸ் தேவையில்லை. கப்பைப் பையில் சுற்றி இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள், ஹப்பை மதிய வெயிலில் வையுங்கள். 80 மி.மீ. கப் என்றால், இரண்டுக்கும் நடுவே 50 பாகை வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 0.05 மி.மீ. இடைவெளி கிடைக்கும். அது போதும். பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள், அடியில் உட்கார்ந்தவுடன் சத்தம் மாறும், "டங்" போய் "டக்" வரும்.

ஆக்சில் குழாயில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் மெல்லிய எஃகு வளையம் ஒன்று, ஸ்பீடி ஸ்லீவ் என்பார்கள், அதை ஏற்றிவிட்டு சீல் போடுங்கள்.

ஜோகூர்_வாரக்கடைசி | திங்கள், காலை 7:50

நட்டை எவ்வளவு இறுக்குவது? என் மெக்கானிக் நன்றாக இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துவார், எப்போதும் அதே கணக்குதான். கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் பேரிங் நீளமாக உழைக்கும் என்பார்.

துவாஸ்_ஃபிட்டர் | திங்கள், மதியம் 12:35

சாப்பாட்டு நேரம், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். கால் சுற்று என்பது ஒரு அளவே இல்லை. மரைக்கு மரை உள்ள இடைவெளியைப் பொறுத்து அது எவ்வளவோ ஆகலாம். அமெரிக்கப் பெரிய லாரிகளில் கையால் சரிசெய்கிற ஹப்புக்கு 0.025 முதல் 0.125 மி.மீ. வரை ஆட்டம் விடுவார்கள், டயல் கேஜ் வைத்து அளப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இல்லை அது. சின்ன ஜப்பான் லாரிகள் பலவற்றில் ஆட்டமே வைப்பதில்லை, லேசான முன்னழுத்தம்தான், அதாவது பேரிங் கொஞ்சம் அழுந்தியே இருக்கும். ஹப் ஸ்டட்டில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, ஹப் சுற்ற ஆரம்பிக்கிற நேரத்தில் தராசு எத்தனை காட்டுகிறது என்று பார்ப்பார்கள். அந்த எண் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு, அதனால் நான் எண் தரமாட்டேன். அந்த லாரியின் கையேட்டில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

முறை பொது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினால் உருளைகள் தம் இடத்தில் உட்காரும். பிறகு முழுக்கத் தளர்த்துங்கள். மறுபடி கையேட்டு அளவுக்கு இறுக்கி, இரண்டு பக்கமும் சில சுற்று விட்டு, தராசில் பாருங்கள். சீலை மாட்டிய பின் அளந்தால் அதன் உரசலும் சேரும், அதைக் கழிக்க வேண்டுமா என்றும் கையேடு சொல்லும். கடைசியில் லாக். அக்கா சொன்ன காது.

பழைய_பட்டறை | திங்கள், மதியம் 1:10

கிரீஸ் பற்றி யாரும் எழுதவில்லை. உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள், மறுபக்கம் புழு மாதிரி வெளியே வரும்வரை. மேலே பூசுவது பொட்டு வைத்ததுபோலத்தான், பிரயோஜனமில்லை. அதற்காக ஹப் முழுக்க அடைத்துவிடாதீர்கள், சூட்டில் விரிந்து சீலைத் தாண்டி லைனிங்குக்கு வரும். சில லாரிகளில் ஹப் பேரிங்குக்கும் ஆக்சிலின் கியர் எண்ணெய்தான் போகும். உங்களுடையது எது என்று கழற்றும்போதே தெரிந்திருக்கும். பழைய லைனிங் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

செம்பவாங்_தோட்டக்காரன் | புதன், இரவு 10:20

முடிந்தது.

புது ஹப், பேரிங் இரண்டு ஜோடி, சீல், ஸ்டட், இரண்டு பக்கமும் லைனிங். ஷாஃப்ட் இரண்டும் பழையது, ஒரே லாரியிலிருந்து எடுத்தது. முதலில் ஒருவர் காட்டிய ஜோடியில் சாக்கட்டித் தூள் வைத்ததும் தலைப்பக்கம் பிறை மாதிரி ஒரு கறுப்புக் கோடு வந்தது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அதை எடுத்துத் தனியாகப் போட்டுவிட்டு வேறு ஜோடி கொண்டுவந்தார்.

கப் இரண்டும் மாமியாரின் ஃப்ரீசரில் நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு இரவு தூங்கின. மறுநாள் மதியம் ஹப்பை வெயிலில் வைத்து இறக்கினேன். பாதி தூரம் கையாலேயே போனது. "டங்" எப்போது "டக்" ஆனது என்று மைத்துனனுக்கும் எனக்கும் சின்னச் சண்டை. கிரீஸ் என் மணிக்கட்டு வரை. ஸ்பிரிங் தராசு எங்கும் கிடைக்கவில்லை, கடைசியில் மாமா மீன்பிடிக்கக் கொண்டுபோகிற தராசை எடுத்துக் கொடுத்தார். கையேட்டில் சொன்ன எல்லைக்குள் வர மூன்று தடவை தளர்த்தி இறுக்க வேண்டியிருந்தது. காதை மடித்துப் படமும் எடுத்திருக்கிறேன் அக்கா, பாருங்கள்.

ஹவுசிங்கில் 85டபிள்யூ-140 எண்ணெய், நிரப்புகிற துளையிலிருந்து வழிகிற வரை. மூச்சுக் குமிழ் புதுசு, பத்து வெள்ளிகூட இல்லை. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நாலு ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன். இடது பின்னால் மற்றதைவிடக் கொஞ்சம் இளஞ்சூடு, கை வைக்க முடிகிறது. இது சரிதானா ஐயா?

பழைய_பட்டறை | வியாழன், காலை 6:05

புது சீல், புது லைனிங், கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும். கை வைக்க முடியாமல் சுட்டால்தான் நிறுத்த வேண்டும். இன்றும் நாளையும் வெறும் வண்டியாக ஓட்டுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டைத் திரும்ப இறுக்குங்கள், இடப்பக்கம் எந்தத் திசை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செம்பவாங்_தோட்டக்காரன் | சனி, மாலை 4:15

80 கிலோமீட்டரில் இறுக்கினேன். எட்டு நட்டு அசையவில்லை, மற்ற இரண்டும் ஆளுக்குக் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் போயின. சூடு இப்போது நாலும் ஒன்றுபோல. செங்குத்துச் சாலையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டுப் பார்த்தேன், பிடிக்கிறது. இறங்கும்போது பழக்கத்தில் கட்டையும் வைத்தேன்.

மாமாவுக்குப் புதுத் தொட்டி வாங்கினேன். இலேசானது. வேண்டாம், பழையதைப் போலவே கனமாகச் சிமெண்டில் வேண்டும் என்று திருப்பிவிட்டார்.

புதுசு_லைசென்ஸ் | சனி, மாலை 5:02

அண்ணே, அந்தப் பெரிய சாக்கெட்டை இரண்டு நாள் கடன் தருவீர்களா? என் முதலாளியின் லாரியிலும் பின்பக்கம் எண்ணெய் சொட்டுகிறது. மூச்சுக் குமிழை ஊதிப் பார்த்தேன், காற்றுப் போகவில்லை.

செம்பவாங்_தோட்டக்காரன் | சனி, மாலை 5:20

தருகிறேன் தம்பி. திங்கள் ஏழு மணிக்கு மேல் வாருங்கள். கட்டை நாலையும் சேர்த்து எடுத்துப் போங்கள், இரண்டும் திரும்பி வர வேண்டும்.